படத்தின் கீழே இரண்டு வரி எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் நடுப்பக்கங்களில் வெளியான சிங்கப்பூர் ஆற்றங்கரைப் படத்தொகுப்பைப் பார்த்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து ராபர்ட்சன் கீ (கீ என்றால் படகுத்துறை) வரை இளையர்கள் சிலர் குழுவாக நடந்து எடுத்த படங்களில் பன்னிரண்டைத் தேர்ந்து, பெரிய அளவில், வண்ணம் கெடாமல் அச்சிட்டிருந்தீர்கள். வழக்கமாக விளம்பரத்துக்குப் போய்விடும் இரண்டு பக்கங்களை இதற்காக ஒதுக்கியதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் நன்றி சொல்வதற்காக மட்டும் இதை எழுதவில்லை. படங்களுக்குக் கீழே இருந்த குறிப்புகள்தாம் என்னை எழுத வைத்தன. 'அந்தியில் ஆறு', 'பழமையும் புதுமையும்', 'நீரில் ஒளிக்கோலம்' என்று ஒவ்வொன்றும் கவிதை வரிபோல இருந்ததே தவிர, எங்கே நின்று, எந்தத் திசையைப் பார்த்து, எந்த ஆண்டு எந்த மாதம் எடுத்தது என்ற செய்தி ஒரு படத்திலும் இல்லை. இடத்தின் பெயர் இருந்த ஒரே படத்திலும் அது தவறாக இருந்தது.

கேவனா பாலம் என்று குறிப்பிட்டு நீங்கள் வெளியிட்டிருந்தது ஆண்டர்சன் பாலம். இரண்டும் ஒன்றையடுத்து ஒன்றாக, கூப்பிடு தூரத்தில் இருப்பதால் இந்தக் குழப்பம் பலருக்கும் வருவதுதான். ஆயினும் பிரித்தறிவது எளிது. ஆண்டர்சன் பாலத்துக்குத் தலைக்குமேல் வளைந்து செல்லும் மூன்று எஃகு வளைவுகள் உண்டு. அதன்மீது நெடுங்காலம் வாகனங்கள் ஓடின. 2008 முதல் ஃபார்முலா 1 பந்தயக் கார்கள் பறப்பதும் அதன்மீதுதான். கேவனா பாலம் தொங்குபாலம். இரு முனைகளிலும் உள்ள கோபுரங்களிலிருந்து சரிந்து இறங்கும் இரும்புப் பிணைப்புகள் அதைத் தாங்குகின்றன. நடந்து போகிறவர்களுக்கு மட்டுமே அதில் வழி. முன்னது 1910ஆம் ஆண்டிலும் பின்னது 1869ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டவை. பழைய பாலத்தின் நெரிசல் தாங்காமலும், நீர் ஏறும் வேளையில் படகுகள் அதன் அடியில் நுழைய முடியாமல் காத்துக் கிடந்ததாலுமே புதிய பாலம் வந்தது. எல்ஜின் பாலத்தையும் சேர்த்து இம்மூன்றும் 2019ஆம் ஆண்டு அக்டோபரில் ஒருசேரத் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. பெயரை மாற்றிப் போடுவது சிறிய பிழைதான். ஆனால் ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் தங்கள் நாளிதழைச் சான்றாக எடுத்துப் பார்ப்பார் என்றால், அப்போது அது சிறிய பிழையாக இராது.

கேவனா பாலத்தைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் படக்குறிப்பின் அருமை எனக்குப் புரிந்த இடம் அதுதான். பாலத்தின் முனையில் பழைய அறிவிப்புப் பலகை ஒன்று இன்றும் நிற்கிறது. 3 ஹண்டர்வெயிட்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 152 கிலோவுக்கு மேல், எடையுள்ள எந்த வண்டியும், மாடுகளும் குதிரைகளும் இப்பாலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று தலைமைக் காவல் அதிகாரியின் ஆணையை அது அறிவிக்கிறது. அதைப் பார்த்துச் சிரித்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர் குறைவு. இரும்புச் சட்டங்களை வார்த்து அனுப்பிய கிளாஸ்கோ நிறுவனத்தின் பெயரும் பாலத்தில் இருக்கிறது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசின்கீழ் இருந்த காலத்தின் கடைசி ஆளுநரான கேவனாவின் பெயர் பாலத்துக்கே சூட்டப்பட்டிருக்கிறது. ஆளுநருக்குப் பெயர் உண்டு, இரும்பு வார்த்தவருக்குப் பெயர் உண்டு, மாட்டுக்கும் குதிரைக்கும்கூடப் பலகையில் இடம் உண்டு. கப்பலில் வந்த இரும்பை இறக்கி, பூட்டி, பாலமாக நிறுத்திய இந்தியக் கைதிகளுக்கு மட்டும் ஒரு வரி இல்லை. 1825ஆம் ஆண்டு சுமத்ராவின் பென்கூலனிலிருந்து முதன்முதலாகக் கொண்டுவரப்பட்டு, அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்காலம் இந்நகரின் சாலைகளையும் கட்டடங்களையும் எழுப்பிய அக்கைதிகளின் உழைப்பில் நடந்த கடைசிப் பெரிய பணிகளுள் ஒன்று இந்தப் பாலம். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இஸ்தானாவும்கூட அவர்களின் கைகள் கட்டியவையே. பாலத்தை எவ்வளவு அழகாகப் படம் எடுத்தாலும் இச்செய்தி படத்தில் விழாது. கீழே எழுதினால்தான் உண்டு.

பாலத்தின் வடகரையில் இறங்கியதும் எதிர்ப்படும் எம்பிரஸ் பிளேஸ் கட்டடமும் அத்தகையதே. அதன் முதற்பகுதி 1860களில், கைதிகளுக்குப் பொறுப்பாளராகவும் இருந்த பொறியாளர் மெக்நேரின் வடிவமைப்பில், கைதிகளின் உழைப்பால் எழுந்தது. இன்று அது ஆசிய நாகரிக அரும்பொருளகம். அதன் பக்கத்திலேயே, தங்கள் படத்தொகுப்பில் தலைகாட்டாத ஒரு வெண்ணிறத் தூண் நிற்கிறது. இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த டல்ஹவுசி பிரபு 1850ஆம் ஆண்டு பிப்ரவரியில் இங்கு வந்து சென்றதன் நினைவாக எழுப்பப்பட்ட தூண் அது. வணிகத்தைத் தடைகளிலிருந்து விடுவிப்பதே நல்லது என்பதை அவர் ஏற்றுச் சொன்னதை அதன் கல்வெட்டு பதிவு செய்கிறது. நம் வாசகர்களுக்கு முக்கியமானது அதுவன்று. ஆங்கிலம், சீனம், ஜாவி எழுத்தில் மலாய் ஆகியவற்றோடு தமிழிலும் அதில் எழுதியிருக்கிறார்கள். நான்கு அதிகாரத்துவ மொழிகள் என்ற ஏற்பாடு வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே அதே நான்கு மொழிகளில் ஒரு பொதுக் கல்வெட்டு இந்த ஆற்றங்கரையில் வந்துவிட்டது. தூணைச் சுற்றிவந்து தமிழ் இருக்கும் பக்கத்தைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் அங்கு வருகிறவர்கள் தூணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிரே உள்ள ஃபுல்லர்ட்டன் கட்டடத்தைப் படம் எடுப்பதையே ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். அவர்களைக் குறை சொல்லவில்லை. 1928ஆம் ஆண்டு தலைமை அஞ்சலகமாகத் திறக்கப்பட்ட அக்கட்டடம், மாலை விளக்கேற்றியபின் யாரையும் திரும்பிப் பார்க்க வைக்கும்.

ஆற்றோரச் சிற்பங்களைப் பற்றியும் ஒரு சொல். சோங் ஃபா சியோங் வடித்த, ஐந்து சிறுவர்கள் ஆற்றில் குதிக்கும் வெண்கலச் சிற்பத்தைத் தாங்களும் வெளியிட்டிருந்தீர்கள். அதை வெளியிடாத ஏடே இல்லை. அரும்பொருளகத்தின் அருகே செட்டியார் ஒருவரையும் இக்கால நிதித்துறையினரையும் ஒன்றாகக் காட்டும் மற்றொரு சிற்பத்தொகுதி இருக்கிறது. அதன் அருகே அவ்வளவு கூட்டம் இருப்பதில்லை. இங்கு ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் வந்திறங்கியதாகச் சொல்லப்படும் படித்துறையில் 1972ஆம் ஆண்டு முதல் நிற்கும் அவரது வெள்ளைச் சிலையோ ஓயாமல் படம் எடுக்கப்படுவது. 2019ஆம் ஆண்டு தொடக்கத்தில், அவர் வந்திறங்கியதன் இருநூறாம் ஆண்டு நினைவையொட்டி, அச்சிலைக்குத் துணையாக வேறு நான்கு சிலைகள் அங்கே வந்து நின்றதைப் பலரும் மறந்திருப்பார்கள். சங் நீல உத்தமா, முன்ஷி அப்துல்லா, டான் டோக் செங் ஆகியோரோடு, ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்து, செங்கல் சூளை வைத்து, பின்னர் 1827இல் ஸ்ரீ மாரியம்மன் கோயிலைத் தோற்றுவித்த நாராயண பிள்ளையும் அவர்களில் ஒருவர். அச்சிலை அங்கே நிலையாக நிறுத்தப்பட்டதன்று. அந்த நாள்களில் அதைத் தம் கைப்பேசியில் எடுத்தவர்கள் நம்மில் நூற்றுக்கணக்கானோர் இருப்பார்கள். அப்படத்தில் ஆண்டும் இடமும் எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்? எழுதாத படத்தை நாளைக்குப் பேரப்பிள்ளை பார்த்தால், ஏதோ ஒரு கோயில் வாசலில் எடுத்தது என்று நினைத்துவிட்டுப் போவான்.

இந்த ஆற்றுக்கும் நிழற்படத்துக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. சிங்கப்பூரைக் காட்டும் படங்களில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையவை, 1844ஆம் ஆண்டு ஜூல்ஸ் இத்தியே என்ற பிரெஞ்சுச் சுங்க அதிகாரி செம்புத் தகட்டில் எடுத்தவை. இன்று ஃபோர்ட் கேனிங் என்று அழைக்கப்படும் குன்றின்மேல் நின்று அவர் எடுத்த படத்தில், ஆறும் போட் கீயின் கட்டட வரிசையும் தெரிகின்றன. நிழற்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டு அப்போது ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. பின்னர் 1860களில் ஜான் தாம்சன், சாக்ட்லர் நிலையத்தார், 1867 முதல் லாம்பர்ட் நிலையத்தார் என்று பலரும் இதே வளைவை, இதே படகுகளைத் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத் தகடுகளில் படம் பதிவதற்குச் சில நொடிகளாவது ஆகும் என்பதால், அசையாமல் நின்றவை மட்டுமே துலக்கமாக விழுந்தன. கட்டடம் விழுந்தது; கட்டிப்போட்ட படகு விழுந்தது; கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற முதலாளியும் விழுந்தார். பலகைமேல் ஏறி மூட்டை சுமந்து ஓடியவன் புகைபோல ஒரு கறையாகப் போனான். அது பொறியின் குறை. இன்று ஆயிரத்தில் ஒரு நொடியில் பறவையின் சிறகை நிறுத்திப் பிடிக்கும் பொறிகள் நம் கையில் இருக்கின்றன.

தங்கள் தொகுப்பில் ஐந்து படங்கள் போட் கீயில் எடுத்தவை. ஐந்துமே மாலையில், விளக்கு ஏற்றியபின் எடுத்தவை என்பது பார்த்த உடனே தெரிகிறது. நிழற்பட நடைக்குப் போகிற பிள்ளைகளுக்கு, பழக்கத்தில் கண்ட ஒன்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அந்தக் கடைவீடுகளின் முகப்புகளில் வெயில் நேராக விழுவது காலையில்தான்; காலை ஏழரை மணி முதல் ஒன்பது மணி வரை சன்னல் சட்டங்களும் ஓட்டு விளிம்புகளும் சுண்ணாம்புப் பூவேலைகளும் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். பிற்பகலில் வெயில் பின்பக்கம் போய்விடுவதால் முகப்புகள் நிழலில் மூழ்கும். நில நடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் அந்தி என்பதும் கண்மூடித் திறக்கும் நேரம்தான். பொழுது சாய்ந்து இருபது நிமிடத்துக்குள் நீலம் போய்க் கருமை வந்துவிடுகிறது. அந்த இருபது நிமிடத்துக்காக மட்டும் வருகிறவர்கள் விளக்குகளைப் படம் எடுத்துப் போகிறார்கள், கடைவீடுகளை எடுப்பதில்லை. 1989ஆம் ஆண்டு பாதுகாக்கப்படும் பகுதியாக அறிவிக்கப்பட்டிராவிட்டால், காலையில் வந்து எடுப்பதற்கும் அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது.

நம்மவர்கள் சிலர் மேடையில் பேசும்போது, இந்த ஆற்றையே தமிழர்கள்தாம் ஓட்டினார்கள் என்பதுபோலப் பேசுவது உண்டு. அதுவும் சரியன்று. கப்பலிலிருந்து சரக்கை இறக்கிக் கரை சேர்க்கும் தொங்கான் (சரக்குப் படகு) தொழிலில் தொடக்கக் காலத்தில் முன்னின்றவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள். 1860களில் இந்நகரின் கப்பல் வாணிபத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு போட் கீயில் நடந்தது என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் தொங்கான் தொழில் ஹொக்கியன், தியோச்சு மக்களின் கைக்குப் போய்விட்டது. நம் காலத்தில் நாம் பார்த்த, முகப்பில் இரண்டு கண் வரைந்த படகுகள் அவர்களுடையவை. கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மார்க்கெட் ஸ்திரீட்டின் கிட்டங்கிகள் எனப்பட்ட தொழிற்கூடங்களில் பெட்டகமும் பேரேடுமாக அமர்ந்திருந்த நகரத்தார், படகுக்கும் கடைக்கும் கடன் கொடுத்தார்கள். அந்தக் கிட்டங்கிகள் நகரச் சீரமைப்பில் இடிபட்டுப் போயின. சூலியா ஸ்திரீட் என்ற தெருப்பெயர் மட்டும் வானளாவிய வங்கிக் கட்டடங்களுக்கு நடுவே இருக்கிறது. அந்தத் தெருப் பலகையையும் பின்னால் ஆற்றையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவரும் ஒரு படத்தை இளையர் யாராவது எடுத்துத் தந்தால், நான் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்வேன்.

இனி என் வீட்டுப் படம் ஒன்றைப் பற்றிச் சொல்ல அனுமதிக்க வேண்டும். என் தந்தை போட் கீயின் ஒரு கிடங்கில், ஏறுகிற இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் கணக்கெழுதும் கிராணியாக வேலை பார்த்தவர். அவர் மறைந்தபின் அலமாரியைத் துப்புரவு செய்தபோது, வெள்ளை ஓரம் விட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்தபடி மூன்று ஆண்கள். நடுவில் என் தந்தை, சட்டைப்பையில் இரண்டு பேனா. அவருக்கு இடப்பக்கம் முண்டா பனியன் அணிந்த சீனத் தொங்கான்காரர் ஒருவர்; வலப்பக்கம், துண்டைத் தலையில் முண்டாசாகக் கட்டிய நம்மவர் ஒருவர். பின்னால் ஆற்றை அடைத்துக்கொண்டு படகுகள். படத்தின் பின்பக்கம் வெறுமை. ஒரு சொல் இல்லை, ஒரு தேதி இல்லை.

அம்மாவிடம் காட்டியபோது, அண்ணன் பிறப்பதற்கு முன் எடுத்தது, 1969 இருக்கும் என்றார். நானும் அதையே பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தபோதுதான் தந்தையின் தோளுக்குமேல், கடைவீட்டுக் கூரைகளுக்குப் பின்னால், சாரமும் பாரந்தூக்கியுமாக ஒரு கட்டடம் பாதியில் நிற்பது தெரிந்தது. வேலை முடியாத நிலையிலும் அதன் வடிவம் பிடிபட்டது: கணிப்பான் என்று கேலியாகச் சொல்லப்படும், சூலியா ஸ்திரீட்டில் உள்ள ஓசிபிசி வங்கிக் கட்டடமான ஓசிபிசி சென்டர். ஐம்பத்திரண்டு மாடிகள் கொண்ட அக்கட்டடம் முடிந்தது 1976ஆம் ஆண்டில். ஆகவே படம் எடுத்தது அதற்குச் சற்று முன்பு. அண்ணன் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். சட்டத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்த வார்ப்பிரும்பு விளக்குக் கம்பம், அவர்கள் நின்ற பாலம் எது என்பதையும் சொன்னது. 1929ஆம் ஆண்டு திறக்கப்பட்ட எல்ஜின் பாலத்துக்காக ரொடோல்ஃபோ நோலி என்ற இத்தாலியச் சிற்பி செய்த விளக்குகளில் ஒன்று அது. அதே இடத்தில் அதே உயரத்தில் நின்று பார்த்து உறுதிசெய்துகொண்டேன். அம்மாவின் நினைவு தவறியது, கட்டடம் தவறவில்லை. ஆனால் கட்டடத்தால் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது. முண்டாசுக்காரரின் பெயரை இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. தந்தை இருந்தபோது ஒரு நிமிடம் செலவழித்துப் பென்சிலால் எழுதியிருந்தால் போதும்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு, உறவினர் நண்பர் வீடுகளுக்குப் போனால் பழைய ஆல்பத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. பின்னணியில் ஆறு இருந்தால், படத்தின் காலத்தைப் பெரும்பாலும் நெருங்கிவிடலாம். சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலை ஆற்றின் முகத்துவாரத்திலேயே நின்றால், படம் 1972ஆம் ஆண்டுக்கும் 2002ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்டது. அதன்பிறகு சிலையை இப்போதுள்ள இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அச்சிலைக்கு முன்னால் எஸ்பிளனேட் பாலம் குறுக்கே போனால் 1997ஆம் ஆண்டுக்குப் பிந்தியது. சரக்குப் படகுகள் வரிசை வரிசையாகக் கட்டிக் கிடந்தால் 1983ஆம் ஆண்டு செப்டம்பருக்கு முந்தியது. அந்த மாதத்தோடு அவை பாசிர் பாஞ்சாங்குக்குப் போய்விட்டன. ஆற்றைப் பத்தாண்டில் தூய்மையாக்க வேண்டும் என்று அன்றைய பிரதமர் லீ குவான் யூ 1977ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறிவித்த திட்டத்தின் ஒரு பகுதி அது. பள்ளிப் பிள்ளையாகத் தந்தைக்குச் சாப்பாட்டுப் பாத்திரம் கொண்டுபோன காலத்தில், எல்ஜின் பாலத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடித்தான் கடப்பேன்; அந்த நாற்றம் எந்தப் படத்திலும் இல்லை. இன்னொரு அடையாளம் பலர் கவனிக்காதது. கரைச்சுவரில் ஈரக்கோடு தெரிந்து, அதற்குக் கீழே சேறு காய்ந்து, படகு தரைதட்டி நின்றால், அது கடல்நீர் ஏறி இறங்கிய காலத்துப் படம். 2008ஆம் ஆண்டு மரினா அணைக்கட்டு வந்தபின் ஆறு நன்னீர்த் தேக்கத்தின் பகுதியாகிவிட்டது. அதற்கு இனி ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. தங்கள் தொகுப்பில் கட்டடங்களின் நிழல் நீரில் அவ்வளவு அமைதியாக விழுந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எல்ஜின் பாலத்துக்கு மேலே உள்ள பகுதியைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. பழைய ஹில் ஸ்திரீட் காவல் நிலையத்தின் 927 வண்ணச் சன்னல்களும், ஃபிலிப்பீன்ஸ் ஓவியர் பசிதா அபாத் 2004ஆம் ஆண்டு வண்ணம் தீட்டித் தந்த அல்காஃப் பாலமும் படத்துக்கு நன்றாக வருகின்றன, எடுக்கட்டும். அல்காஃப் பாலம் தொங்கானின் வடிவில் அமைந்தது என்பதை மட்டும் அதன் கீழே எழுதியிருந்தால், பார்த்தவர்கள் இன்னொரு முறை பார்த்திருப்பார்கள்.

ஆகவே தங்களிடம் வேண்டுவது இதுதான். இனி வெளியிடும் ஆற்றங்கரைப் படம் ஒவ்வொன்றுக்கும் கீழே, கவிதை வரியை வேண்டுமானால் வைத்துக்கொண்டு, அதற்கு அடுத்து இரண்டு வரி சேர்க்க வேண்டும்: நின்ற இடம், பார்த்த திசை, ஆண்டு, மாதம், நேரம், ஆள்கள் இருந்தால், அவர்கள் சம்மதித்தால், பெயரும் வேலையும். நிழற்பட நடைக்குப் போகிற குழுக்களும் பொறியோடு ஒரு சிறிய குறிப்பேட்டை எடுத்துச் செல்லட்டும். கைப்பேசியே தேதியைப் பதிந்துவிடுகிறதே என்று சிலர் சொல்லக்கூடும். எடுத்த கோப்பில் அது இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதே படத்தை வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணமாக அனுப்பினால், எடுத்த தேதியும் இடமும் உதிர்ந்துபோய்ப் படம் மட்டுமே போய்ச் சேருகிறது. நம் வீடுகளில் இப்போது சேர்ந்து கிடக்கும் படங்களில் பெரும்பாலானவை அப்படி வந்தவைதாமே.

வாசகர்களிடமும் ஒன்று கேட்பேன். ஆற்றங்கரையில் வேலை பார்த்த கிராணிகள், காவலுக்கு நின்ற ஜாகாக்கள், மூட்டை தூக்கியவர்கள், கிட்டங்கிக் கணக்கர்கள் ஆகியோரின் படங்கள் நம் அலமாரிகளில் உறங்குகின்றன. அவற்றைப் பற்றிச் சொல்லக்கூடிய தாய்மார்களும் பெரியப்பாமார்களும் எண்பது வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் அமர்ந்து, படத்தைக் கையில் கொடுத்து, யார் யார் என்று கேட்டு எழுதுங்கள். படத்தின் பின்னால் பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் வடு விழும், மையும் நாளடைவில் ஊறும். மென்மையான பென்சிலால், ஓரமாக, இலேசாக எழுதினால் போதும். எழுதியபின், விரும்பினால், ஒரு நகலைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ இந்திய மரபுடைமை நிலையத்துக்கோ கொடுக்க முன்வரலாம். முதலில் தங்கள் நாளிதழ் வாரத்துக்கு ஒரு படத்துக்கு இடம் தந்தால், மற்றவை தாமாகவே வரத் தொடங்கும் என்று எண்ணுகிறேன்.

தொடக்கமாக என் தந்தையின் படத்தின் நகல் ஒன்றை இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். வெளியிடுவதானால், கீழ்க்கண்ட குறிப்பை மாற்றாமல் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

'எல்ஜின் பாலம், தென்கிழக்கே போட் கீயை நோக்கி. 1975 அல்லது 1976. நிழலை வைத்துப் பார்த்தால் முற்பகல். நடுவில், கிடங்குக் கிராணியாக இருந்த என் தந்தை. அவருக்கு இடப்பக்கம், அவர் "அங்கிள்" என்றே அழைத்துவந்த தொங்கான்காரர். வலப்பக்கம், தலையில் முண்டாசுடன் சிரிப்பவர் ______. இவரை அடையாளம் தெரிந்தவர்கள் நாளிதழுக்கு எழுதும்படி வேண்டுகிறேன்.'

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சிங்கப்பூர்